தவறணை வீட்டில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஆட்கள் அதைத் தவறணை வீடு என்றுதான் சொல்வார்கள். தவறணை என்றால் சாராயக்கடை. ஆனால் அதற்குள் ஒரு போத்தல் பியர்கூடக் கொண்டுபோக முடியாது. இந்த இரண்டும் எப்படிப் பொருந்தின என்று சொல்லத் தொடங்கினால் அந்த வீட்டின் முழுக் கதையையும் சொல்லவேண்டி வரும். சொல்கிறேன். அதன் கதவுத் திறப்பு பல வருடங்கள் என் காற்சட்டைப் பையில் கிடந்தது. நான் நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காத ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்றாலும் இந்த ஒரு வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் நான் தயங்கமாட்டேன்.

ஒஸ்லோவின் குரோருட்டில் சுரங்க ரயிலை விட்டு இறங்கிப் பள்ளத்தாக்குப் பக்கமாக நடந்தால் வடக்கே போகும் பழைய பெருந்தெரு வரும். மேலே அடுக்குமாடிகள், கீழே ஒரு பெற்றோல் நிலையம், நடுவில் மஞ்சள் நிறத்தில் அந்த மர வீடு. கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம், குசினி, பின்னறை. மேலே தலை இடிக்கும் உயரத்தில் சின்னச் சின்ன அறைகள். எங்கள் வீட்டுக் குசினி யன்னலில் நின்றால் அதன் கூரை தெரியும். நான் காலையில் பஸ் கழுவுகிற வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பிவிடுவேன். பகலில் வீட்டில் நிற்கிறவன், பக்கத்தில் இருக்கிறவன் என்பதால் அந்த வட்டாரத்துக் குடியிருப்பாளர் சங்கம் திறப்பை என்னிடம் தந்து வைத்திருந்தது.

சங்கத்தின் தலைவி எழுபது தாண்டிய நோர்வேஜியப் பெண்மணி. முன்பு ட்ராம் ஓட்டியவர். அவருடைய அப்பா அந்த மலையில் கருங்கல் உடைத்த தொழிலாளி. வீட்டின் கதை எனக்கு அவரிடமிருந்துதான் துண்டு துண்டாக வந்தது. வசந்த காலத்தில் யன்னல் சட்டங்களில் பழைய பெயின்றைச் சுரண்டும்போது அவர் கதைத்துக்கொண்டே இருப்பார். நான் சுரண்டிக்கொண்டே இருப்பேன். பேசாத ஆளுக்குக் கதை சொல்ல எல்லோருக்கும் பிடிக்கும். அவர் தன் மொழியில் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் தருகிறேன்.

மோட்டார் வாகனங்கள் வருவதற்கு முன் வடக்கிலிருந்து நகரத்துக்கு வருகிறவர்கள் அந்தத் தெருவால்தான் வந்தார்கள். குளிர்காலத்தில் சறுக்கு வண்டிகளில் விறகும் வெண்ணெயும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நகரம் கிட்டத்தான். ஆனால் இருட்டில் போய்ச் சேர்ந்து பயனில்லை, சந்தை மூடியிருக்கும். ஆகவே அந்த வீட்டில் தங்கி, குதிரைக்கு வைக்கோல் போட்டு, இரண்டு கிளாஸ் சாராயம் குடித்து, விடியப் புறப்படுவார்கள். வருகிறவன் யாராக இருந்தாலும் இடமில்லை என்று திருப்பி அனுப்ப அந்த வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கவில்லை. பெருந்தெருத் தவறணைகளுக்கு அது சட்டம்.

திருகோணமலைக்காரரான என் கூட்டாளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டம் எடுபட முதல் நாங்கள் வந்திருக்கவேணும் மச்சான். அகதி இன்ரவியூவும் இல்லை, ஒண்டுமில்லை" என்றார்.

பிறகு ரயில் பாதை வந்தது. சறுக்கு வண்டிகள் குறைந்தன. தவறணை படுத்துவிட்டது. மேல் அறைகளைக் கல்லுடைக்கும் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தலைவியின் அப்பா கலியாணம் கட்டும்வரை அங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மதுவை ஒழிக்கவேண்டும் என்று வேலை செய்த ஒரு சபை அந்த வீட்டை வாங்கியது. குடிகாரர்கள் நின்ற கூடத்தில் பாட்டுப் பாடிக் கோப்பி குடித்தார்கள். கடைசியில் வீட்டை நகரசபைக்குக் கொடுக்கும்போது, இதற்குள் என்றைக்கும் மது வரக்கூடாது என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த நிபந்தனை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கூடத்தின் கதவில் தொங்குகிறது.

எங்கள் ஆட்களின் பிறந்தநாள்களுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் அந்தக் கூடத்தைத்தான் எடுப்போம். வாடகை மலிவு. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஆண்கள் ஒவ்வொருவராக நழுவி வெளியே கார் டிக்கிகளைச் சுற்றி நிற்பார்கள். ஒரு நாள் பனிக்குள் அப்படி நிற்கும்போது கூட்டாளி சொன்னார்:

"தவறணைக்கு வந்து வாசலிலை நிண்டு குடிக்கிற ஒரே சனம் நாங்கள்தான்ரா."

அந்த வழியால் வந்த தலைவி என்ன சிரிப்பு என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன்.

"இல்லை, நீங்கள் முதல் ஆக்கள் இல்லை" என்றார் அவர். "சபைக்காரரின்ரை காலத்திலை என்ரை அப்பாவும் ஆக்களும் போத்தலை உந்தப் படிக்குப் பக்கத்திலை பனிக்குள்ளை தாட்டு வைச்சிட்டு உள்ளை போய்ப் பாடுவினம். பனி உருகேக்கை பாக்கவேணும். போத்தல் போத்தலா முளைச்சு வரும்."

கூட்டாளி தன் கிளாஸைத் தூக்கி அவருடைய அப்பாவுக்கு மரியாதை செய்தார்.

எனக்கு அந்த வீடு பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற மண்டபங்களில் நான் சுவரோரக் கதிரையில் இருந்துவிட்டு எழும்பி வருகிறவன். இங்கே கதிரைகளை அடுக்குகிறவன், ஹீற்றரைப் போடுகிறவன், எந்தக் கதவு இறுகும், எந்தப் படி சத்தம் போடும் என்று தெரிந்தவன். சனிக்கிழமைகளில் அங்கே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் வர முதல் நான் போய்க் கூடத்தைச் சூடாக்கி வைப்பேன். அந்தக் கணப்பில் மரங்கள் மெல்ல முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். வீடு சோம்பல் முறிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வசந்தத்தில் தலைவி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நகரசபை அந்தக் காணியை விற்கப்போகிறது, வாங்குகிறவர்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவார்கள் என்றார். பழைய தவறணை அது என்றால் இடிக்க விடமாட்டார்கள். ஆனால் பழைய தவறணை எப்போதோ எரிந்துவிட்டது, இப்போது நிற்பது ரயில் வந்த பிறகு கட்டின சாதாரண வீடு என்றுதான் நகரசபையில் நம்பினார்கள்.

"எரிஞ்சது குதிரை லாயம். வீடு இல்லை" என்றார் தலைவி. "அப்பா சொன்னவர். அப்பாவுக்குப் பழைய ஆக்கள் சொன்னவை. ஆனால் அதை ஆர் கேக்கினம்?"

காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வெளிச் சுவருக்குப் பலகை அடித்திருந்தார்கள். யன்னல்கள் புதியவை. உள்ளே கடதாசிக்கு மேல் கடதாசி ஒட்டி, அதற்கு மேல் பெயின்ற் பூசியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை பழங்கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரி வருவார், அவர் சொல்வதுதான் முடிவு என்று நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்திய சனிக்கிழமை டுக்னாட் வைத்தார்கள். அதை எங்கள் ஊர்ச் சிரமதானம் என்று நினைத்துக்கொள்ளலாம். எல்லோரும் பழைய உடுப்போடு வந்து கூலியில்லாமல் வேலை செய்வது, முடிவில் வாஃபலும் கோப்பியும். நோர்வேஜியர்கள் வெளி வேலையை எடுத்தார்கள். இலை கூட்டினார்கள், படிகளைத் திருத்தினார்கள். உள் வேலை எங்களுக்கு. பின்னறையில் கிழிந்து கிடந்த லினோலியத்தை நானும் கூட்டாளியும் உரித்து வெளியே இழுத்தோம். அடியில் அகலமான பழைய பலகைத் தரை, ஒட்டுப்பசையும் பல காலத் தூசியும் படிந்து கறுத்துக் கிடந்தது. அந்த அறையைச் சாமான் அறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தலைவிக்கும் அதுதான் தெரியும்.

நாங்கள் லினோலியத்தைக் குப்பை வண்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது என் மனைவியும் இன்னும் நாலைந்து பெண்களும் காற்சட்டைக் கால்களை முழங்கால்வரை சுருட்டி, வெறுங்காலோடு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காட்சியை ஊரில் வீடு கழுவிப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருத்தி ஊற்றுகிறாள், ஒருத்தி தும்புத்தடியால் தேய்க்கிறாள், ஒருத்தி வாசல் பக்கம் தள்ளுகிறாள். ஒஸ்லோவில் அடுக்குமாடியில் இருக்கிற பெண்ணுக்கு இது கிடைக்காத காரியம். ஒரு வாளி ஊற்றினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். வருடக் கணக்காக ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து அலுத்த கைகளுக்கு அன்றைக்கு நிலத்தோடு ஒட்டின வீடும் திறந்த பின்கதவும் கிடைத்திருந்தன. எல்லோருடைய முகத்திலும் பொங்கலுக்கு முதல் நாள் இருந்தது.

"இஞ்சரும், இது மரமெல்லே" என்றேன்.

"தெரியுது. அழுக்கு மரம்" என்றாள் மனைவி. "திங்கள் பெரிய ஆள் வருகுதெண்டுறீங்கள். வீட்டைக் கழுவாமல் ஆளைக் கூப்பிடுறதே? அந்த வாளியை நிரப்பிக்கொண்டு வாங்கோப்பா."

நான் வாளியை எடுத்தேன். அதற்குள் தலைவி வாசலில் வந்து நின்றுவிட்டார். நோர்வேஜியர்கள் பழைய மரத் தரைக்குத் தண்ணீரைக் காட்டவே பயப்படுவார்கள். சவர்க்காரம் போட்டுப் பிழிந்த துணி, அதுவும் மரத்தின் ஓட்டம் பார்த்து, அவ்வளவுதான். மரம் ஊதும், நெளியும், அடிச் சட்டம் உளுக்கும். தண்ணீரைக் காட்டி மெல்ல இரண்டு சொல் சொன்னார். பிறகு அங்கிருந்த முக்காலியில் இருந்தார். பெண்கள் ஒவ்வொருவராகத் தும்புத்தடியை நிறுத்தினார்கள்.

"என்னவாம்?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"தரை பழுதாப் போயிடுமாம்."

"ஐயோ. அதை முதலே சொல்லக்கூடாதே?"

ஓடிப்போய்த் துணிகளை எடுத்தோம். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். ஊற்றின தண்ணீரில் பெரும்பகுதி பின்கதவால் போய்விட்டது. ஆனால் உள்சுவருக்கு முன்னால் கொஞ்சம் போகாமல் நின்றது. ஒரு மனிதன் படுத்திருக்கிற நீளம், ஓரடி அகலம், நடுவில் விரல் ஆழம். பலகை நெளிந்து தண்ணீர் தேங்கினால் குட்டை இப்படி இராது, பலகையோடு சேர்ந்து போகும். இது மூன்று நான்கு பலகைகளைக் குறுக்காகக் கடந்து, ஓரம் மழுங்கி, தேய்ந்த படிக்கல் மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் வசந்த மண்டபத்துக்கு முன்னால் ஆட்கள் நின்று கும்பிடுகிற இடத்தில் கல் அப்படித்தான் தேய்ந்திருக்கும்.

நான் தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அப்போது பார்க்கும் மனம் இருக்கவில்லை. துடையுங்கோ, துடையுங்கோ என்றார். துடைத்தோம். குட்டை போய்விட்டது. துடைத்த பலகையில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு எல்லோரும் வாஃபல் சாப்பிட்டார்கள். என் மனைவி தன்னுடையதைத் தொடவேயில்லை.

"இடிச்சால் என்னாலைதான் எண்டு சொல்லுவினம்" என்றாள் வீட்டுக்கு வந்து.

திங்கட்கிழமை மத்தியானம் நான் வேலையால் வந்து திறப்போடு போனேன். மனைவியும் கூட வந்தாள். வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தலைவி தன்னிடமிருந்த மற்றத் திறப்போடு எங்களுக்கு முன்பே வந்து, கூடத்துக் கம்பளத்தை இழுத்துக்கொண்டுவந்து பின்னறை ஈரத்துக்கு மேல் விரித்திருந்தார். தண்ணீர்க் கதையை எடுக்கவேண்டாம் என்று கண்ணால் சொன்னார். விளங்கியது. பராமரிக்கத் தெரியாத சங்கம் என்று பெயர் வந்தால் கதை அதோடு முடிந்தது.

அதிகாரி முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. சுவர்களைத் தட்டினார், உத்தரத்தைப் பார்த்தார், மேலே ஏறி இறங்கினார். தலைவி சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மேல் தளத்தின் வேலைப்பாடும் யன்னல்களும் ரயில் காலத்துக்குப் பிந்தியவைதான், கீழே ஏதாவது பழையது இருக்கலாம், ஆனால் இருக்கலாம் என்று மட்டும் எழுதி ஒரு வீட்டைக் காப்பாற்ற முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தலைவி ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். டுக்னாட்டில் அவர் போடுகிற குரலில் பாதிகூட அன்றைக்கு இல்லை.

அதிகாரி வாசலுக்கு வந்து சப்பாத்தைக் கையில் எடுத்தார்.

எனக்கு அந்த மொழியில் பஸ் கழுவுகிற சொற்கள் நன்றாகத் தெரியும். குட்டையைப் பற்றியும் தேய்மானத்தைப் பற்றியும் அவருக்கு விளங்கச் சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை. இருந்தாலும் வாய் வந்திராது. நான் குசினிக்குப் போய் வாளியை நிரப்பினேன். பின்னறைக்குப் போய்க் கம்பளத்தைச் சுருட்டினேன். வாசலுக்குத் திரும்பி வந்து, "தண்ணி. பாருங்கோ" என்றேன்.

தலைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பயம் இருந்ததாக ஞாபகமில்லை. கண்ணால் கண்டதைக் காட்டப்போகிறேன், அவ்வளவுதான். அதிகாரி சப்பாத்தை வைத்துவிட்டு என் பின்னால் வந்தார். நான் அறையின் நடுவில் வாளியைச் சரித்தேன்.

தண்ணீர் பின்கதவுப் பக்கம் ஓடியது. போகவேண்டியது போனது. பிறகு, நான் சொன்னபடியே கேட்கிற பிள்ளை மாதிரி, உள்சுவருக்கு முன்னால் அந்த நீளக் குட்டை வந்து நின்றது.

அதிகாரி கிட்ட வந்தார். குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். காலுறைகளைக் கழற்றி, வெறுங்காலோடு குட்டைக்குள் ஏறி, சுவரைப் பார்த்து நின்றார். பாதங்கள் தாமாகப் பொருந்தின. அப்படியே கையைச் சுவரில் வைத்து, நெஞ்சு உயரத்தில் தட்டினார். சத்தம் வேறாக இருந்தது.

"இஞ்சை நிண்டு என்னத்தையோ வாங்கியிருக்கினம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு வாளி கிடைக்குமோ?" என்று கேட்டார்.

இந்த முறை வாளியைக் கொண்டுவந்தது என் மனைவி. அவள்தான் ஊற்றினாள். வீடு கழுவுகிற பெண் ஊற்றுகிற மாதிரி, பயமில்லாமல், ஒரே வீச்சில் ஊற்றினாள். தலைவி முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவரும் காலுறையைக் கழற்றத் தொடங்கினார்.

அடுத்த கிழமை இரண்டு பேர் வந்து அந்தச் சுவரின் பலகையைக் கவனமாக எடுத்தார்கள். உள்ளே பழைய மரக்குற்றிச் சுவர். அதில் ஒரு சாளரம், குறுக்கே தடித்த பலகைத் தட்டு. தட்டு முழுக்கக் கிளாஸ் வைத்த வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. சாராயம் கொடுத்த வாய் அதுதான். சபைக்காரர்கள் வீட்டை வாங்கினதும் முதல் வேலையாக அதை அடைத்திருக்க வேண்டும்.

அதுவும் போதாது, மரத்தின் வயதைப் பார்க்கவேண்டும் என்றார்கள். நீளத் துரப்பணத்தால் சுவர் மரத்தைத் துளைத்து, பென்சில் தடிப்பில் ஒரு துண்டு எடுத்தார்கள். வளையங்களை எண்ணி வயது சொல்வார்களாம். கூட்டாளி கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் நூறு வருசத்தாலை துளைச்சால் எங்கடை ரோல்ஸின்ரை பெருஞ்சீரகம் மணக்கும்" என்றார்.

முடிவு வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. அதுவரை சனிக்கிழமை வகுப்பு நடந்தது. ஒவ்வொரு முறை கதவைப் பூட்டும்போதும் இது கடைசித் தடவையாக இருக்குமோ என்று எனக்கு யோசனை வரும். தலைவி மறுபடியும் எங்கள் கதவைத் தட்டினார். இந்த முறை சொல்லாமலே உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"மேல் தளம் புதுசு. யன்னல் புதுசு. கீழ் மரம் எல்லாம் தவறணைக் காலத்து மரம்" என்றார். "லாயம்தான் எரிஞ்சது. இடிக்கேலாது. ஒருத்தராலும் இடிக்கேலாது."

என் மனைவிக்கு அவ்வளவு நோர்வேஜிய மொழி விளங்கும். "நாங்கள் கழுவாட்டி இடிச்சிருப்பினம். அதையும் அவவுக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். தலைவி சிரிக்கவில்லை. ஓம், அது உண்மை என்றார். பிறகு தேநீர் கேட்டார். சீனி போடாமல் குடித்துவிட்டு, தனக்கு என்னால் இன்னொரு வேலை ஆகவேண்டும் என்றார். அதிகாரி அந்தத் தரையைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்லியிருக்கிறார். அதை இரண்டு மொழியிலும் கதவில் போடவேண்டும். நோர்வேஜிய மொழியில் தான் எழுதிவிட்டாராம்.

மட்டைத் துண்டும் தடித்த பேனையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தரிடம் கொடுத்தால் கொம்பியூட்டரில் அழகாக அடித்துத் தருவார்கள் என்றேன். நீங்கள்தான் எழுதவேண்டும் என்றார். குசினி மேசையில் மட்டையை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவ்வளவு பெரிய எழுத்து நான் எழுதினதில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வர முதல் அதைக் கொண்டுபோய், மது கூடாது என்கிற பழைய மட்டைக்குக் கீழே அடித்தேன். கூட்டாளி பின்னால் நின்று இரண்டையும் வாசித்தார்.

"சாராயம் கொண்டுவரக் கூடாது. தண்ணி ஊத்தக் கூடாது" என்றார். "அப்ப இஞ்சை என்னத்தைத்தான் குடிக்கிறது?"

"கோப்பி" என்றேன்.

உள்ளே போய் ஹீற்றரைப் போட்டேன். கூடம் சூடாகும்வரை பின்னறை வாசலில் நின்றேன். சாளரத்தைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் தரை, காய்ந்து, ஒன்றுமே இல்லாத மாதிரிக் கிடந்தது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏறி நின்றேன். பள்ளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரிந்தது. வெளியே முதல் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்தேன்.